ஒரு லீற்றருக்கு எத்தனை ஓடும்?

இலங்கையில் பாவித்த ஹைபிரிட் கார் பார்க்கப் போகிற எவரும் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். விற்பவரும் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருப்பார். "ஏசி போட்டாலும் இருபதுக்குக் குறையாது அண்ணை" என்று பதில் வரும். வியாபாரம் அந்த இடத்திலேயே பாதி முடிந்துவிடும். மீதிப் பாதி, எஞ்சின் சத்தமே கேட்காமல் நாலு ஒழுங்கை சுற்றி வருவதில் முடிந்துவிடும். பத்து நிமிடத்தில் ஒரு குடும்பம் ஐந்து வருடக் கடனுக்குள் இறங்குகிறது...

கேட்ட கேள்வியே பிழை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது பெற்றோல் செற்காரரோடு தீர்க்கும் கணக்கு. கார் வைத்திருப்பவர் தீர்க்கவேண்டிய கணக்கு, ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை ரூபா என்பது. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றில்லை. முதலாவதில் பெற்றோல் மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் வட்டி இருக்கிறது, தேய்மானம் இருக்கிறது, பின் சீற்றுக்குக் கீழே ஒளிந்துகொண்டு வயதாகிக்கொண்டிருக்கும் பற்றரியும் இருக்கிறது.

முதலில் அந்த "இருபது, இருபத்தைந்து" எங்கிருந்து வந்தது? ரொயோட்டா அக்குவா 2011 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது, அங்கே அப்போது நடைமுறையில் இருந்த ஜேசி08 சோதனையின்படி அதன் கணக்கு லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர். அந்தச் சோதனை ஆய்வுகூடத்தில், உருளைகளின் மேல், ஏசியை நிறுத்திவைத்துச் செய்யப்படுவது. சித்திரை வெயிலில் நாலு பேரை ஏற்றி, ஏசியை முழுதாகப் போட்டு, கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் வருகிற காருக்கும் அந்த இலக்கத்துக்கும் என்ன உறவு? தூரத்து உறவுகூட இல்லை. வீதியில் இருபது கிடைத்தாலே அது நல்ல கார்தான். ஆனால் 35 என்று அச்சடித்த காகிதம் ஒன்று இருப்பதால் விற்பவர் சொல்லும் இருபத்தைந்து அடக்கமான பேச்சாகத் தெரிகிறது!

இன்னொன்று. ஹைபிரிட் பெற்றோலை எங்கே மிச்சம் பிடிக்கிறது? பெரும்பாலும் நின்று நின்று போகும் இடத்தில்தான். பிறேக் பிடிக்கும்போது சாதாரண காரில் வெப்பமாக வீணாகும் சக்தியை மோட்டர் மின்னாக்கிப் பற்றரியில் போடுகிறது. அடுத்த முறை கிளம்பும்போது அதே மின் காரைத் தள்ளுகிறது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது. ஆகவே வெள்ளவத்தையில் காலி வீதி நெரிசலில் தினமும் ஊர்பவருக்கு அது வரப்பிரசாதம். வவுனியா தாண்டி ஏ9 வீதியில் ஒரே வேகத்தில் நீளமாக ஓடுபவருக்கு? பிறேக்கே பிடிக்காதவருக்கு பிறேக்கிலிருந்து என்ன மின் வரும்? எஞ்சினும் சிக்கனமான வகை என்பதால் அங்கேயும் கொஞ்சம் மிச்சம் உண்டு, ஆனால் சாதாரண காருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடும். கொழும்புக்காரர் சொன்ன மைலேஜை நம்பி கிளிநொச்சிக்காரர் கார் வாங்குவது, பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பதுபோல.

சரி, இனிக் கணக்குக்கு வருவோம். கீழே உள்ளவை எடுகோள்கள்தான். அவரவர் தங்கள் இலக்கங்களைப் போட்டுப் பார்க்கலாம், முறை மாறாது.

ஒரே வகைக் கார், உதாரணமாக அக்சியோ. சாதாரண பெற்றோல் அக்சியோவும் இருக்கிறது, 2013இல் வந்த ஹைபிரிட் அக்சியோவும் இருக்கிறது. ஹைபிரிட்டுக்கு 10 இலட்சம் ரூபா கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். குடும்பம் மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுகிறது. பெற்றோல் லீற்றர் 300 ரூபா. சாதாரண கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் போனால் மாதச் செலவு 25,000 ரூபா. ஹைபிரிட் 20 போனால் 15,000 ரூபா. மாதம் 10,000 ரூபா மிச்சம். ஐந்து வருடத்தில் 6 இலட்சம்! இந்த இடத்தில்தான் எல்லோரும் கணக்குக் கொப்பியை மூடிவிடுகிறார்கள்.

மூடாமல் அடுத்த வரியையும் எழுத வேண்டும். அந்தக் கூடுதல் 10 இலட்சமும் லீசிங்கில்தான் வந்தது. ஆண்டுக்கு 15 வீதம், குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி, 60 தவணை என்றால் தவணை ஏறத்தாழ 23,790 ரூபா. ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 4 இலட்சத்து 27 ஆயிரம் அளவில். மிச்சம் பிடித்த 6 இலட்சத்தில் கையில் இருப்பது இப்போது 1 இலட்சத்து 73 ஆயிரம். அந்த ஐந்து வருடத்துக்குள் பற்றரி ஒருமுறை மாற்ற வேண்டி வந்து, அதற்கு 4 இலட்சம் போனால்? 2 இலட்சத்து 27 ஆயிரம் நட்டம். இத்தனைக்கும், விற்கும்போது அந்தப் 10 இலட்சம் வித்தியாசம் ஒரு சதமும் குறையாமல் திரும்பி வரும் என்று பெருந்தன்மையாக எடுத்துக்கொண்ட கணக்கு இது.

இதே கணக்கில் மாதம் 2,000 கிலோமீற்றர் ஓடுபவர் 3 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் இலாபத்தில் நிற்கிறார். இலாபமும் நட்டமும் சமப்படும் புள்ளி மாதம் 1,400 கிலோமீற்றர் அளவில் வருகிறது. ஆக ஹைபிரிட் நல்லதா கெட்டதா என்று சண்டை பிடிப்பதில் பொருளே இல்லை. நிறைய ஓடுபவருக்கு அது சிக்கனம். பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்கி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போய்வரும் குடும்பத்துக்கு அது சிக்கனம் என்ற பெயரில் வரும் ஆடம்பரம். விளம்பரத்தில் மட்டும் இரண்டாவது குடும்பத்தின் படத்தைத்தான் போடுகிறார்கள்...

இப்போது பற்றரி. இங்கே இரண்டு கூட்டம் உண்டு. "பற்றரி போனால் கார் குப்பை" என்று பயமுறுத்தும் கூட்டம் ஒன்று. "ரொயோட்டா பற்றரி சாகாது" என்று சத்தியம் செய்யும் கூட்டம் மற்றது. இரண்டும் பொய்.

பயமுறுத்துபவர்களுக்கு: முதல் பிரியஸ் 1997இல் வந்தது. அதன் பின் வந்த பிரியஸ்கள் பல நாட்டு நகரங்களில் டாக்சியாக இலட்சக்கணக்கான கிலோமீற்றர் ஓடிக் காட்டிவிட்டன. ரொயோட்டா முறையில் தேய்ந்து போகும் கிளச் இல்லை, தனி ஸ்ராட்டர் மோட்டர் இல்லை, ஒல்ரனேற்றர் இல்லை. பிறேக் பாதி வேலையை மோட்டரே செய்வதால் பிறேக் பட்டையும் நீண்ட காலம் வரும். பற்றரியையும் கணினி முழுதாக நிரப்பாமலும் முழுதாக இறக்காமலும் நடுவிலேயே வைத்துக் காக்கிறது. வெறும் விளையாட்டுப் பொருள் இல்லை அது.

சத்தியம் செய்பவர்களுக்கு: அமெரிக்காவில் ரொயோட்டா தன் ஹைபிரிட் பற்றரிக்கு நெடுங்காலம் கொடுத்த உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 100,000 மைல். 2020 மாடலிலிருந்து அது 10 ஆண்டு அல்லது 150,000 மைல். செய்தவனே அங்கே பத்து வருடத்துக்கு மேல் கையெழுத்துப் போட மறுக்கும் ஒரு பொருளுக்கு, 2012ஆம் ஆண்டு அக்குவாவை விற்கும் தரகர் எதை வைத்து வாய்ச்சத்தியம் செய்கிறார்? அக்குவாவின் பெட்டிக்குள் 7.2 வோல்ட் மொடியூல்கள் 20, மொத்தம் 144 வோல்ட். இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 28 மொடியூல்கள். இவை தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்று தளர்ந்தால் சங்கிலி முழுவதும் தளரும். வெப்பம் இவற்றின் எதிரி. குளிர்விக்கும் காற்று காருக்குள் இருந்துதான் போகிறது, பின் சீற்றுக்கு அருகே உள்ள ஒரு சின்னத் துவாரத்தின் வழியாக. அந்தத் துவாரத்தைத் தூசி அடைத்திருக்கும், அல்லது சீற்று உறை மூடியிருக்கும், அல்லது சந்தையில் வாங்கிய பை மறைத்திருக்கும். இருபது ரூபாத் தூசி நாலு இலட்சம் ரூபாப் பெட்டியைக் கொல்வது இப்படித்தான்.

ஹைபிரிட் என்பது ஒரே சாதியும் இல்லை. 2013இல் வந்த ஹொண்டா ஃபிட், வெசல் ஹைபிரிட்களில் இருப்பது இரட்டைக் கிளச் கியர்ப்பெட்டியும் லித்தியம் அயன் பற்றரியும். அந்த முறையில் வந்த கோளாறுகளுக்காக ஹொண்டா 2013, 2014 ஆண்டுகளில் ஜப்பானில் திரும்பத் திரும்பக் கார்களை மீள அழைத்தது. "ஹைபிரிட் எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்பவரிடம் கார் வாங்குவது, "மருந்தெல்லாம் ஒன்றுதான்" என்று சொல்பவரிடம் மருந்து வாங்குவதுபோல.

உண்மையான அநியாயம் இதற்குப் பிறகுதான். பற்றரி தளர்ந்த காரில் எச்சரிக்கை விளக்கு எரியும். பி0ஏ80 என்ற பிழைக்குறி வந்தால் பொருள் தெளிவு: பற்றரியை மாற்று. ஆனால் ஸ்கானர் ஒன்றைச் செருகி அந்தக் குறியை ஒரு நிமிடத்தில் அழித்துவிடலாம். கார் கொஞ்ச நாள் ஓடிய பிறகுதான் விளக்குத் திரும்ப எரியும். அதற்குள் காசு கைமாறி, பெயர் மாற்றும் பத்திரமும் கொடுத்தாகிவிடும். சில இடங்களில் செத்த ஒரு மொடியூலை மட்டும் கழற்றிவிட்டு, வேறொரு பழைய காரில் கழற்றியதைப் போட்டுத் தருகிறார்கள். மற்ற 19உம் அதே கிழடு. மூன்று மாதத்தில் அடுத்தது விழும். மீற்றரைப் பின்னுக்குச் சுற்றும் கதை ஊருக்கே தெரிந்தது. இத்தனைக்கும் நடுவில் வாங்குபவர் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி, "லீற்றருக்கு எத்தனை ஓடும்?"

மாட்டுப்படுவது யார்? புதுக்கார் வாங்கக்கூடியவர் இல்லை. மோட்டார் சைக்கிளில் நாலு பேர் போவதை விட்டு முதன்முதலாக ஒரு கார் எடுக்கும் குடும்பம். மூன்றாம் வருடத்தில் பற்றரி விழும்போது லீசிங் தவணை நிற்காது. ஓடாத காருக்கும் தவணை கட்ட வேண்டும். பற்றரிக்குக் கட்டினால் தவணை தவறும், தவணை தவறினால் கார் போகும். சேமிக்க வாங்கிய கார் அடகுக்கடைக்கு வழிகாட்டும்.

"விலை குறையாதே, விற்றால் போட்ட காசு வந்துவிடும்" என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. இந்த நம்பிக்கைக்கு வயது சில வருடம்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபா விழுந்தது, டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360ஐத் தொட்டது. அதே ஆண்டு ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது, பிறகு கியூஆர் பங்கீடும் வந்தது. பொருள் தட்டுப்பாடு, காசின் பெறுமதி வீழ்ச்சி, எரிபொருள் பயம்... மூன்றும் சேர்ந்து பழைய ஹைபிரிட்டின் விலையைத் தூக்கின. கார் வளரவில்லை, ரூபா தேய்ந்தது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தது. ஒரு தடைக்காலத்து விலையை இயற்கை விதியென்று எண்ணிக் கடன் எடுப்பவர், வெள்ளத்தின்போது படகின் விலையைப் பார்த்துப் படகுக்கடை திறப்பவர்.

அப்படியானால் என்ன செய்யலாம்? பற்றரியின் நிலையை விலையின் பகுதியாக்க வேண்டும். அவ்வளவுதான். விற்பவர் மொடியூல்களின் வோல்டேஜ் வித்தியாசத்தைக் காட்டும் ஸ்கான் அறிக்கையைக் காரோடு தரட்டும். சும்மா நிற்கும்போது எடுத்தது வேண்டாம், ஏசி போட்டு ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகு எடுத்தது. பற்றரி எப்போது, எங்கே, புதியதா பாவித்ததா மாற்றப்பட்டது என்று விற்பனைப் பத்திரத்தில் ஒரு வரி எழுதட்டும். ரயருக்கும் பெயின்ருக்கும் பத்தி ஒதுக்கும் மதிப்பீட்டாளர் பற்றரிக்கும் ஒரு பத்தி ஒதுக்கட்டும். அந்த மதிப்பீட்டை வைத்துக் கடன் கொடுக்கும் லீசிங் நிறுவனங்கள் அதைக் கேட்டு வாங்கட்டும், அவர்களின் பிணையும் அந்தப் பெட்டிதானே! மறுக்கும் விற்பனையாளரிடம் வாதாட வேண்டாம். மறுப்பே அறிக்கைதான்.

வாங்கியாகிவிட்டதா? மாதம் மிச்சமாகும் அந்த 10,000 ரூபா இலாபம் இல்லை. கணக்கியல் முதலாம் ஆண்டிலேயே படிப்பிக்கிறார்கள், தேய்மானத்துக்கு ஒதுக்காமல் காட்டும் இலாபம் முதலைத் தின்று காட்டும் இலாபம் என்று. அதில் ஒரு பாதியையாவது வேறு கணக்கில் போட்டுவைக்கும் குடும்பத்துக்குப் பற்றரி விழும் நாள் ஒரு செலவு நாள் மட்டுமே. போடாத குடும்பத்துக்கு அது கார் போகும் நாள்.

அடுத்த முறை கார் சேலில் எவராவது "லீற்றருக்கு எத்தனை ஓடும்?" என்று கேட்பது காதில் விழுந்தால், பக்கத்தில் நிற்பவர் மெதுவாக ஒரு வார்த்தை சொல்லட்டும்: "அதை விடுங்கோ அண்ணை, பற்றரி ரிப்போட் எங்கை எண்டு கேளுங்கோ."