கவறு காட்டாத தோல்வி

பலகைமேல் ஈயப் படைஞரை நிறுத்திக் கவறுருட்டி, ஆத்திரிய ஆட்சியை எதிர்த்து அங்கேரியர் 1848-49இல் நிகழ்த்திய விடுதலைப் போரை ஆடிப் பார்ப்போர் மேலை நாடுகளில் உளர். பீரங்கி எத்தனை, குதிரை எத்தனை என நுணுகி எண்ணுவர். எண்ணட்டும்! குரோவாத்தியர் ஆத்திரியப் பேரரசன் பக்கம் நின்றது ஏன் என்பதை எந்தக் கவறு சொல்லும்?

இலத்தீனை அகற்றி 1844இல் தம் தாய்மொழியை ஆட்சிமொழி ஆக்கினர் மகியார்கள். தக்க செயலே. ஆயின் அதே உரிமையைச் செர்பியரும் உருமேனியரும் 1848இல் வேண்டியபொழுது செவிசாய்த்தாரில்லை. தமக்கு அமுதமானது பிறர்க்கு நஞ்சோ? அவ்வாண்டு செப்தம்பரில் யெலாச்சிச்சின் குரோவாத்தியப் படை திராவா ஆற்றைக் கடந்து புகுந்தது. பாக்கோசுதுக் களத்தில் மகியார் மறம் அதனைத் தடுத்தது, பகையைத் தடுக்கவில்லை.

பிறமொழியினர்க்கு உரிமை வழங்கும் சட்டம் செகெது நகரில் நிறைவேறிய நாள் 1849 சூலை 28. அடுத்த 16ஆம் நாள், ஆகத்து 13இல், கெர்கெய் உருசியரிடம் படைக்கலம் ஒப்படைத்தார். உருசியப் பெரும்படையே வீழ்த்தியது என்பார் கூற்றில் உண்மை உண்டு. உள்நாட்டுப் பகையையும் உருசியனா விதைத்தான்?

அக்தோபர் 6இல் அராதில் கொல்லப்பட்ட அங்கேரியப் படைத்தலைவர் 13 பேர். அவருள் தாமியானிச்சு பிறப்பால் செர்பியர்!