மக்கன் பேடாவின் மேனி

1812-இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதைத் தொகுதியில் ரொட்டிச் சுவரும் கேக்குக் கூரையும் சர்க்கரைச் சாளரமுமாக எழுந்த தின்பண்ட வீட்டைக் கணினியில் முப்பரிமாணமாகச் சமைக்கப் பழகும் நம் பிள்ளைகள், தாம் சுவைத்தே அறியாத இஞ்சி ரொட்டியின் வர்ணத்தை அதற்குப் பூசுவது எனக்கு வருத்தம் தருகிறது.

பார்த்துப் பழக நம் தின்பண்டமே அருகில் இருக்கிறது. ராணிப்பேட்டையிலிருந்து பாலாற்றைக் கடந்தால் ஆற்காடு. அங்கே மக்கன் பேடா. கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே முந்திரி முதலியவற்றைப் பொதிந்து, பொரித்துப் பாகில் ஊறவைத்த அவ்வுருண்டையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், சிவந்த மேனியின் நுண்ணிய சுருக்கங்களும், அவற்றின்மீது படர்ந்த பாகின் பளபளப்பும், விளிம்பில் சற்றே உட்புகுந்து சிதறித் திரும்பும் ஒளியும் புலப்படும். பாகு காய்ந்த பழைய பேடா இதற்கு உதவாது. நிறத்துக்கு ஒரு படம், சொரசொரப்புக்கு ஒன்று, மேடுபள்ளத்துக்கு ஒன்று என, கணினி உருவங்களுக்கு மேற்பரப்பு தீட்டும் டெக்ஸ்சர் கலைஞன் பிரித்து வரைவது இந்த லட்சணங்களையே. உட்புகும் ஒளியை எளிதாகக் கணிக்கும் முறையைக் கணினி வரைகலை ஆய்வாளர்களான ஜென்சன் முதலிய நால்வர் 2001-இல் வகுத்தளித்தனர்.

பதனிட்ட தோலை விரலால் தடவியே தரம் சொல்லும் தொழிலாளர் வாழும் ராணிப்பேட்டையில், மேற்பரப்பை அறியும் ஞானத்துக்குப் பஞ்சமில்லை. இலவசமாகவே கிடைக்கும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளை இவ்வட்டாரக் கல்லூரிகள் போதிக்கட்டும். முதற்பயிற்சிக்கு மேஜைமேல் ஒரு மக்கன் பேடாவை வைக்கட்டும்.