கைக்குத் துணைசெய்யும் பொறி

பக்கவாதத்தால் மூளையிற் பழுதுற்றவர்க்குக் கை செயலற்றுப்போதல் உண்டு. ஆயினும் ஓர் அசைவையே பன்முறை பயிலுங்கால், மூளையின் நலமுற்ற பகுதிகள் இழந்த ஏவலை ஓரளவு மீளக் கற்கும். அலுப்பின்றி அப்பயிற்சி அளித்தற்கே அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 'எம்.ஐ.டி. மானஸ்' என்னும் ரோபோவை இயற்றினர். நோயாளர் திரையிற் காணும் குறியை நோக்கிக் கையை நகர்த்த முயல்வர். குறையும் வலிமையை அப்பொறி நிரப்பும்.

இனிப் பயிற்சியாளர் எற்றுக்கு என்பாரும் உளர். யாம் அதற்கு உடன்படேம். 770 நோயாளரைக் கொண்டு பிரிட்டனில் நடைபெற்று 2019ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சியில், வாரம் மும்முறை, முறைக்கு 45 நிமிடமாக 12 வாரம் பொறியொடு பயின்றோர்க்கு அசைவு சிறிது பெருகிற்று; பொருளைப் பற்றியெடுத்துக் கையாளுந் திறனோ, வழக்கமான சிகிச்சை பெற்றோரினும் சிறந்திலது. பயிற்சியாளரிடம் அதே அளவு கூடுதலாகப் பயின்றோரிடத்தும் அத்திறன் தெளிவாக மிகுந்திலது.

ஆதலின் பயிற்சியின் எண்ணிக்கை மட்டும் கையை மீட்காது என்று யாம் கருதுகின்றோம். குறியை எட்டுதல் வேறு. கவளத்தை வாய்க்கு உயர்த்துதல் வேறு. அலுப்பூட்டும் அசைவுகளைப் பொறியிடம் விடுத்து, மிஞ்சும் பொழுதைப் பயிற்சியாளர் உண்ணல், உடுத்தல், எழுதுதல் முதலியவற்றைப் பயிற்றுதற்குச் செலவிடுக. ஆளைக் குறைத்தற்பொருட்டுப் பொறி வாங்குதல் நோயாளர்க்கு நன்மை பயவாது என்பதே எமது துணிபு.