கரித்தாளும் நானூறு கோடியும்

திருவனந்தபுரத்து வீடுகளில் காலை வேளையில் புட்டு அவிப்பதைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: பிசிறிய மாவில் ஈரம் சற்று மிகுந்துவிட்டாலும், குழலில் அதை அழுத்தி அடைத்துவிட்டாலும், ஆவி மேலேற வழியின்றி அடிமாவு களியாகி, மேல்மாவு வேகாமலே நின்றுவிடுகிறது. மாவுமணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் புட்டை வேகவைக்கிறது. இந்நகரின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கி, 2024 ஜனவரி 1ஆம் தேதி பி.எஸ்.எல்.வி. சி-58 ராக்கெட்டில் அனுப்பிய எரிபொருள் மின்கலத்தின் சூட்சுமமும் ஏறக்குறைய இதுவே.

சுமார் 350 கிலோமீட்டர் உயரத்தில், உடன் கொண்டுசென்ற ஹைட்ரஜனையும் பிராணவாயுவையும் சேர்த்து அக்கலம் 180 வாட் மின்சாரம் தந்தது; கழிவாக எஞ்சியது தூய நீர். ராக்கெட்டின் அக்கினியைக் கண்டு வியக்கும் நம் கண்ணுக்கு, அந்தக் கலத்தினுள் இருக்கும் கரிய மின்வாய் ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை. ஆனால் வாயுவும் புரோட்டானும் எலக்ட்ரானும் ஒரே புள்ளியில் சந்தித்தாலொழிய மின்சாரம் பிறப்பதில்லை; அந்தச் சந்திப்புக்காக, வினையூக்கியான, கண்ணுக்குப் புலப்படாத பிளாட்டினத் துகள்கள் கரித்தூளின் மேல் பரவியிருக்க, புரோட்டானைக் கடத்தும் பாலிமர் அவற்றை மெல்லியதாய்ப் போர்த்தியிருக்க, வாயு வந்து சேர நுண்துளைகளும் திறந்திருக்க வேண்டும். பாலிமர் மிகுந்தால் துளை அடைபடும். குறைந்தால் விலையுயர்ந்த பிளாட்டினம் வீணே கிடக்கும். இந்தப் படலத்துக்கு வெளியே, அரை மில்லிமீட்டர் தடிமனும் இல்லாத கரித்தாள் ஒன்று, வாயுவை உள்ளே விட்டு நீரை வெளியேற்றும் இரட்டைக் கடமையைச் செய்கிறது. டெஃப்லான் பூசிய அதன் இழைகளுக்கிடையே நீர் தேங்கிவிட்டால் பிராணவாயு நுழைய வழியின்றிக் கலம் சோர்ந்துவிடும். பூமியிலாவது நீருக்குக் கீழ்நோக்கி வடியும் சுபாவம் உண்டு, எடையற்ற ஆகாயத்தில் அந்த உதவியும் இல்லை.

1980களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில், பாலிமர்க் கரைசலை மின்வாயின் துளைகளுக்குள் ஊறச் செய்தபோது, சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராம் தேவைப்பட்ட பிளாட்டினம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. உலோகம் அதே உலோகம்தான். அதை வைத்த விதம்தான் மாறியது. இதைவிடத் தெளிவான பாடம் இத்துறையில் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பாடத்தை நாம் கற்றுக்கொண்டோமா? 2023 ஜனவரியில் மத்திய அரசு அங்கீகரித்த தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் மொத்த ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். அதில் ஆராய்ச்சிக்கு உரியது 400 கோடி. ஹைட்ரஜனை உற்பத்தி செய்ய ஊக்கத்தொகை தருவதை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்த ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் கரித்தாளை ஜப்பானின் டோரே, ஜெர்மனியின் எஸ்.ஜி.எல். போன்ற நிறுவனங்களிடம் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தால், வாயு நம்முடையதாகவும் அதன் பயன் பிறர் தயவாகவும் அல்லவா ஆகிவிடும்?

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தானமாகக் கொடுத்து எழுந்த காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம்மிடம் உண்டு. விண்ணிலேயே பரிசோதித்துப் பார்த்த அனுபவம் திருவனந்தபுரத்தில் உண்டு. இவ்விரண்டு இடங்களையும் இணைத்து, கரித்தாளுக்கும் வினையூக்கிக்கும் மட்டுமென்று ஒரு தனி நிதியை அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும்.