கல்தூளில் கடலின் வயது



ஊரில் போர் போடும்போது குழாய் வழியே கல்தூளும் சேறும் பொங்கி வரும். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்த அப்படிப்பட்ட தூளை அலசிச் சலித்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த மூன்று பெண்களைப் பற்றி இம்முறை சொல்ல ஆசைப்படுகிறேன்.

எஸ்தர் ஆப்ளின், ஆல்வா எல்லிசர், ஹெட்விக் நைக்கர். 1920களில் மூவரும் வெவ்வேறு எண்ணெய் நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள். துளைக்கருவி சிப்பி, சங்கு போன்ற பெரிய புதைபடிவங்களை நொறுக்கிவிடும். மணலளவே உள்ள ஃபோராமினிஃபெரா என்ற கடல் நுண்ணுயிர்களின் ஓடுகளோ உடையாமல் தப்பி மேலே வந்துவிடும். காலத்துக்குக் காலம் இவற்றின் இனங்கள் மாறுவதால், எந்த ஓடு எந்த ஆழத்தில் கிடைக்கிறது என்று பார்த்தால் பாறையின் வயதைச் சொல்லலாம் என்றார் எஸ்தர். 1921இல் அமெரிக்காவின் ஆமர்ஸ்ட் நகரில் கூடிய புவியியலாளர் மாநாட்டில் அவர் இதைச் சொன்னபோது, நேற்றுக் கல்லூரி முடித்த சின்னப் பெண் பேசுகிற பேச்சா இது என்று பேராசிரியர் ஒருவர் சபையிலேயே ஏளனம் செய்தார். படிக்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

1925இல் மூவரும் சேர்ந்து டெக்சாஸ், லூசியானா கரையோரத்தின் நிலத்தடி அடுக்குகளை வரிசைப்படுத்திக் கட்டுரை வெளியிட்டார்கள். எண்ணெய் நிறுவனங்கள் நுண்படிவ ஆய்வுக்கூடங்களைத் திறக்கத் தொடங்கின.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்த ஓடுகள் எண்ணெயாக மாறுவதில்லை. ஆக்சிஜன் குறைந்த கடலடிச் சேற்றில் புதைந்த பாசி, மிதவை உயிர்களின் உடற்பொருள்தான், ஏறத்தாழ 60 முதல் 150 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல பத்து லட்சம் ஆண்டுகள் வெந்து எண்ணெயாகிறது. எந்த அடுக்கில் தேட வேண்டும் என்று காட்டுவதே ஓடுகளின் வேலை.

நம் அரியலூர்ப் பாறைகளிலும் ஃபோராமினிஃபெரா உண்டு. ஓ.என்.ஜி.சி. எண்ணெய் எடுக்கும் காவிரிப் படுகையின் பழைய கடல் அடுக்குகள் அங்கே தரைக்கு மேலேயே தெரிகின்றன. புவியியல் படிக்கும் மாணவிகளே, நுண்ணோக்கியில் இவற்றைப் பார்த்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். எந்த ஓடையில் கல் பொறுக்கினீர்கள், எப்படிச் சலித்தீர்கள், என்னென்ன கண்டீர்கள் என்று விரிவாகவே எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்