‘நல்லா இருக்கேன்மா’ என்று சொல்லவைப்பது நாம்தான்

ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரே, நம் தயாரிப்பைக் கொஞ்சம் பாருங்கள். படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ், விசா, அங்கே செலவுக்கான முடக்குக் கணக்கில் போட 11,904 யூரோ, கல்விக்கடன் என்று மாதக்கணக்கில் அலைகிறோம். பருப்புப்பொடியையும் புளிக்காய்ச்சலையும் எடை மிஞ்சாமல் தராசில் நிறுத்துப் பெட்டியில் அடுக்குகிறோம். போன இடத்தில் மனசு சரியில்லை என்றால் என்ன செய்வாய் என்று ஒரு நாளாவது கேட்டோமா?

மனசு சரியில்லாமல் போகத்தான் போகிறது. புது நாட்டில் முதல் சில வாரங்கள் எல்லாமே அழகு. பிறகு சின்னத் தாமதத்துக்கும் எரிச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, ஊருக்கே திரும்பிவிடலாமா என்ற ஏக்கம். அதற்கப்புறம்தான் மெல்லத் தேறுதல். கலாச்சார அதிர்ச்சியின் இந்தப் படிகளை மானுடவியலாளர் கலெர்வோ ஓபர்க் 1960-லேயே எழுதிவைத்துவிட்டார். இது நோயும் அல்ல, உங்கள் வளர்ப்பின் குறையும் அல்ல.

ஜெர்மனியில் இதற்குக் காலமும் கூட்டுச் சேர்ந்துகொள்கிறது. அக்டோபரில் வகுப்பு தொடங்கும். புதுமை வடியும் நேரத்தில் குளிர்காலம் வந்துவிடும். டிசம்பரில் பெர்லினில் மாலை நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்குப் பூட்டு. ஆய்வகத்தில் சிரித்துப் பேசிய வகுப்புத் தோழன் வெளியே வந்ததும் தன் வழியே போய்விடுகிறான். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் நாம் பண்டிகைப் பலகாரப் படங்களை வாட்ஸ்அப்பில் வரிசையாக அனுப்புகிறோம்.

அப்புறம் அந்த வீடியோ கால். “சாப்பிட்டியா? ஏன் முகம் வாடியிருக்கு? பார்ட் டைம் கிடைச்சுதா? எதிர்வீட்டுப் பையன் போன ஆறு மாசத்துல வேலைக்குப் போயிட்டானாம். லோன் வட்டி ஓடுதுப்பா.” கொஞ்சம் கஷ்டமா இருக்கு என்று பிள்ளை வாயெடுத்தால் அம்மா அழுகிறாள், அப்பா விமான டிக்கெட் விலை பார்க்கிறார். கடைசியில் பிள்ளைதான் நமக்கு ஆறுதல் சொல்லவேண்டியிருக்கிறது. அடுத்த முறை அது புத்திசாலியாகிவிடும். மூன்று நாளாகக் கழுவாத பாத்திரம் தெரியாதபடி போனைத் திருப்பி வைத்து, தலை வாரிக்கொண்டு, “நல்லா இருக்கேன்மா” என்று சொல்லும். நாமும் நிம்மதியாகத் தூங்கப் போவோம்.

மதிப்பெண்ணையாவது விடுகிறோமா? அங்கே 1.0 தான் முதல் தரம்; 4.0 வரை தேர்ச்சி. இங்கே தொண்ணூறுக்குக் கீழே இறங்காத பிள்ளை அங்கே 2.7 வாங்கினால், அதற்குள்ளே ஏற்கெனவே ஏதோ நொறுங்கியிருக்கிறது. “படிக்கிறியா, ஊர் சுத்துறியா?” என்று நாமும் சேர்ந்து மிதிக்க வேண்டுமா?

அங்கே உதவி கிடைக்காமல் இல்லை. பல்கலைக்கழக ஊர்களில் விடுதியும் மென்சா உணவகமும் நடத்தும் மாணவர் நல அமைப்புகள் மனநல ஆலோசனையும் தருகின்றன. பெரும்பாலும் கட்டணம் கிடையாது. பேசியது வெளியே போகாது. போகலாமா என்று பிள்ளை கேட்டால், “உனக்கென்ன பைத்தியமா?” என்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! பல்வலிக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்லும் நாம் இதற்கு மட்டும் விபூதி பூசிக்கொள்ளச் சொல்கிறோம்.

விமானம் ஏற்றுமுன் சொல்லி அனுப்புங்கள்: “இரண்டு மூன்று மாதத்தில் எதுவும் பிடிக்காமல் போகும், அது எல்லாருக்கும் வருவதுதான், மறைக்காதே.” தினமும் கூப்பிட்டு விசாரணை நடத்தாதீர்கள்; எப்போது பேசலாம் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். கஷ்டம் என்று சொன்னால் பதறாமல், புத்திமதியும் சொல்லாமல் முழுக்கக் கேளுங்கள். சாப்பாடே இறங்கவில்லை, தூக்கமில்லை, வகுப்புக்கே போகவில்லை என்று நாள்கணக்கில் தெரிந்தால் உடனே ஆலோசகரிடம் போகச் சொல்லுங்கள். திரும்பி வந்துவிடுகிறேன் என்றாலும் கதவு திறந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். கடனை அடைக்க வழி இருக்கிறது. வீட்டில் உண்மை பேச முடியாது என்று முடிவு கட்டிவிட்ட பிள்ளைக்கு நம்மால் எதுவும் செய்ய முடியாது.