கழுதை ஆட்டம் சூதாட்டமா?

சீட்டு என்ற சொல்லைக் கேட்டதுமே நம் வீடுகளில் பெரியவர்களின் முகம் மாறிவிடுகிறது. கேரம் பலகையை எடுத்தால் "விளையாடுங்கள்" என்கிறார்கள். சதுரங்கம் என்றால் "மூளைக்கு நல்லது" என்கிறார்கள். சீட்டுக் கட்டை எடுத்தால் மட்டும் "பெண் பிள்ளைகள் தொடுகிற பொருளா இது?" என்ற கேள்வி பிறக்கிறது. பெரியோர்களின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அச்சம் எந்தச் சீட்டைப் பற்றியது என்று சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் தாழ்மையான கருத்து.

நாங்கள் ஆடும் ஆட்டத்தின் பெயர் 'கழுதை'. 52 சீட்டுகளையும் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஸ்பேடு ஆஸ் வைத்திருப்பவர் முதலில் இறக்குவார். மற்றவர்கள் அதே இனத்தில் ஒரு சீட்டுப் போட வேண்டும். எல்லோரும் போட்டுவிட்டால் அந்தச் சீட்டுகள் ஆட்டத்தை விட்டே போய்விடும். பெரிய சீட்டுப் போட்டவர் அடுத்து இறக்குவார். ஒருவரிடம் அந்த இனமே இல்லையென்றால் அவர் வேறு இனத்துச் சீட்டால் 'வெட்டு'வார். உடனே, அதுவரை பெரிய சீட்டுப் போட்டவர் அத்தனையையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கைச்சீட்டெல்லாம் தீர்ந்தவர் தப்பித்தார். கடைசிவரை சீட்டோடு நிற்பவர் கழுதை! இதே ஆட்டத்துக்குப் பஞ்சாபில் 'பாபி' என்று பெயர். பாபி என்றால் அண்ணி. தோற்றவர் அங்கே அண்ணி, இங்கே கழுதை; அவ்வளவுதான் வேறுபாடு.

இந்த ஆட்டத்தில் ஜெயித்தவருக்குப் பரிசு ஒன்றும் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். தப்பித்தவர்கள் எழுந்து போவதும் இல்லை. சுற்றி உட்கார்ந்து, கழுதையாகப் போகிறவர் யார் என்று பார்த்துச் சிரிக்கிறார்கள். அடுத்த ஆட்டத்தில் அவர்களே கழுதை ஆகிறார்கள். நம் ஆண்டவர் எருசலேமுக்குள் நுழைந்தபோது கழுதையின் மீது அமர்ந்துதான் வந்தார்; ஆகவே அந்தப் பெயரை அவமானமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

கூட்டம் பெருகப் பெருக இந்த ஆட்டம் சூடு பிடிக்கும். அதற்குக் கணக்கிலேயே காரணம் இருக்கிறது. 4 பேர் ஆடினால் ஆளுக்கு 13 சீட்டு. ஒரு கையில் ஸ்பேடே இல்லாமல் போக நூற்றுக்குச் சுமார் 1 வாய்ப்புத்தான் உண்டு. 13 பேர் ஆடினால் ஆளுக்கு 4 சீட்டு. அப்போது அந்த வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 30 ஆகிவிடுகிறது. வட்டத்தில் எங்கிருந்தாவது வெட்டு வந்தே தீரும். 39/52, 38/51, 37/50, 36/49 ஆகிய நான்கு பின்னங்களையும் பெருக்கிப் பார்க்கும் எவரும் இதை அறியலாம். எங்கள் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலே நிகழ்தகவுப் பாடத்தில் சீட்டுக் கட்டைப் பற்றிய கணக்குகள் இருக்கின்றன. சீட்டைக் கண்ணால் கண்டிராத மாணவி, ஒரு கட்டில் எத்தனை ராஜா, எத்தனை ஆட்டின், எத்தனை கறுப்பு என்று மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதுகிறாள். புத்தகத்தில் இருக்கலாம், கையில் இருக்கக் கூடாது என்பது பொருந்துமா?

இனி, எதிர்வாதத்தைப் பார்ப்போம். எங்களுள் ஒருத்தியின் வீட்டில் உறவினர் ஒருவர் கைப்பேசியில் பணம் வைத்து ரம்மி ஆடி, சம்பளத்தையும் இழந்து, நகையையும் அடகு வைத்தார். அவள் தாயார் சீட்டைக் கண்டாலே எழுந்து போய்விடுவார். அந்தத் தாயிடம் எங்களுக்கு மறுமொழி ஏதும் இல்லை. அவர் படுகிற துன்பம் உண்மையானது. வள்ளுவர் 'சூது' என்று ஓர் அதிகாரமே வகுத்ததும், பாரதக் கதையில் தருமர் நாட்டை இழந்ததும் இதே துன்பத்தைத்தான் காட்டுகின்றன.

ஆனால் குற்றம் எங்கே இருக்கிறது? சட்டமே இந்தக் கேள்விக்கு நெடுநாள் விடை தேடியிருக்கிறது. 1967இல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று கூறியது. திறமையா, அதிர்ஷ்டமா என்பதே அன்று கேள்வியாக இருந்தது. பின்னர் கைப்பேசி வந்தது. வீட்டுக்குள்ளேயே சூதாட்டம் நுழைந்தது. தமிழக அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022இல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு கூடாது என்று கோடு கிழித்தது. அதாவது, கேடு சீட்டில் இல்லை, பணத்தில் இருக்கிறது என்ற முடிவுக்குச் சட்டமும் வந்திருக்கிறது. எங்கள் கழுதை அந்தக் கோட்டுக்கு இப்பால்தான் நிற்கிறது.

"புனிதர்கள் என்ன சொன்னார்கள்?" என்று எங்கள் அருட்சகோதரிகள் கேட்கலாம். புனித பிரான்சிஸ் சலேசியார் 1609இல் வெளியான தம் பக்தி நூலில் பகடையையும் சீட்டையும் கண்டித்திருக்கிறார் என்பதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் அவர் காட்டிய காரணம் யாது? உழைப்பின்றி, தற்செயலால் ஒருவர் ஆதாயம் அடைவது அநீதி என்பதே. ஆதாயமே இல்லாத ஆட்டத்துக்கு அந்தக் காரணம் எப்படிப் பொருந்தும்? அதே நூலில் அளவான பொழுதுபோக்கை அவர் அனுமதிக்கவும் செய்கிறார். எப்போதும் வளைத்தே வைத்த வில் முறிந்துவிடும் என்று புனித யோவான் விளக்கிய கதையைப் புனித தாமஸ் அக்குவினாசும் எடுத்துக்காட்டுகிறார்.

திருமறையிலேயே இரண்டு இடங்களில் சீட்டுப் போட்டதைப் படிக்கிறோம். சிலுவையின் அடியில் படைவீரர்கள் ஆண்டவருடைய அங்கிக்காகச் சீட்டுப் போட்டார்கள். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ளத் திருத்தூதர்களும் சீட்டுப் போட்டார்கள். செயல் ஒன்றே; ஓரிடத்தில் பேராசை, மற்றோரிடத்தில் செபம். எதற்காக, யாரோடு, என்ன மனத்தோடு என்பதுதான் நன்மையையும் தீமையையும் பிரிக்கிறது அன்றோ?

நாம் வாழும் இந்த ஊருக்கு இப்படிப்பட்ட ஆட்டம் மிகவும் தேவை என்று நாங்கள் நினைக்கிறோம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. பிறகு எத்தனையோ ஆலைகள்! ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை எல்லா மாவட்டத்தாரும், ஒடிசா, பீகார் மக்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஓர் அறைக்கு 6 பேர். அங்கே தங்கியிருக்கும் எங்கள் அக்காமார் சிலர், "ஒரே அறையில் இருந்தும் ஷிப்ட் முடிந்து வந்தால் ஆளுக்கொரு கைப்பேசிதான்" என்கிறார்கள். எங்கள் வீடுகளிலும் அப்பா இரவு ஷிப்ட், அம்மா பகல் ஷிப்ட். எல்லோரும் சேர்ந்து உட்காரக் கிடைப்பது ஞாயிறு பிற்பகல் மட்டுமே. எங்கள் தெருத் திண்ணையில் கழுதை ஆடும்போது தமிழ் தெரியாத பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வட்டத்தில் உட்காருகிறார்கள். அவர்கள் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொற்களில் 'வெட்டு' ஒன்று! பாட்டியும் பேத்தியும், மேற்பார்வையாளரும் துப்புரவுப் பணி செய்யும் அம்மாவும் ஒரே பாயில் சமமாக அமர்வதற்கு இதைவிட மலிவான வழி எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே பெற்றோரிடமும் அருட்சகோதரிகளிடமும் எங்கள் வேண்டுகோள் இது. மழை நாள் இடைவேளையிலும், விடுதியின் ஞாயிறு மாலையிலும், கேரம் பலகையோடு ஒரு சீட்டுக் கட்டையும் வைக்க இசைவு தாருங்கள். காசு வைப்பதில்லை, பொட்டலம் மிட்டாய்கூடப் பந்தயம் இல்லை, கைப்பேசி வட்டத்துக்குள் வரக் கூடாது, மணி அடித்ததும் கட்டைக் கட்டிவிட வேண்டும் என்ற நான்கு விதிகளுக்கும் நாங்கள் கட்டுப்படுவோம். சீட்டால் வீட்டில் துன்பப்பட்ட தோழி எவளேனும் வருந்தினால், அன்று சீட்டை மூடிவிட்டு அவளுக்குப் பிடித்த விளையாட்டை ஆடுவோம்.

சீட்டே தெரியாமல் வளர்கிற பெண், நாளை ஒரு கைப்பேசி விளம்பரத்தில்தான் அதை முதன்முதலாகச் சந்திப்பாள். பணம் இல்லாமலும் சீட்டு ஆடி மகிழலாம் என்று அறிந்தவளோ, பணம் கேட்கும் ஆட்டத்தைக் கண்டதும் அதன் வஞ்சகத்தை உணர்ந்துகொள்வாள். அந்த அறிவைப் பெரியோர்களாகிய உங்கள் கண் எதிரிலேயே பெற விரும்புகிறோம்.